படகுத்துறையில் சிப்பித் தோட்டம்: செசபீக் வளைகுடாவில் ஓர் இளைஞர் குழுவை நடத்தும் முறை

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்தபின், செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் வளைகுடாவில் வந்து கலக்கும் ஆறுகளின் படகுத்துறைகளுக்குக் கம்பிவலைக் கூண்டுகள் வந்து சேர்கின்றன. கூண்டு நிறையப் பழைய சிப்பி ஓடுகள் இருக்கும். அந்த ஓடுகளின் மீது, விரல் நகத்தைவிடச் சிறியனவாய், உயிருள்ள சிப்பிக் குஞ்சுகள் ஒட்டியிருக்கும். அவற்றை ஏறத்தாழ ஒன்பது மாதம் துறையடியில் தொங்கவிட்டுப் பேணி, அடுத்த ஜூன் மாதத்தில், அறுவடை தடைசெய்யப்பட்ட காப்பகத் திட்டுகளில் விதைப்பதற்காகத் திருப்பிக் கொடுப்பதையே இங்குள்ளவர்கள் சிப்பித் தோட்டம் என்கிறார்கள். பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் தாங்களே பொறுப்பேற்று இந்தத் தோட்டத்தை நடத்துவது எப்படி என்பதைக் கூடவே நின்று பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சிப்பி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது முத்துச்சிப்பிதான். இது வேறு; உணவுக்காகப் பிடிக்கப்படும் சிப்பி இனம், இதில் நகைக்கு ஏற்ற முத்து விளையாது. தமிழகக் கரையிலும் இதற்கு உறவான இனம் ஒன்று கழிமுகங்களில் வாழ்கிறது. அதற்கு நெடுநாள் வழங்கிய அறிவியல் பெயரிலேயே மதராஸ் இருக்கிறது. 1970-களில் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதை வளர்க்கும் முறைகளை வகுத்தது. அங்கே நோக்கம் உணவும் தொழிலும். செசபீக்கில் நாம் செய்வது நீருக்கு அதன் பழைய குடிகளைத் திருப்பித் தரும் வேலை.

ஏன் திருப்பித் தர வேண்டியிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் முதல் கூட்டத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் செய்யப்போகும் ஒவ்வொரு சிறு வேலையின் காரணமும் அதில்தான் இருக்கிறது. 1880-களில் மேரிலாந்தில் மட்டும் ஓர் ஆண்டில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி புஷல் (சிப்பியை அளக்கும் கூடை அளவு) சிப்பி அள்ளப்பட்டது. 2003-04 பருவத்தில் கிடைத்தது வெறும் 26,000 புஷல் அளவுதான். இரும்பு வாரிகளைக் கொண்டு சிப்பிகளை அள்ளியபோது அவை வாழ்ந்த ஓட்டுத் திட்டுகளும் சேர்ந்தே போயின. எஞ்சியவற்றை 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவிய டெர்மோ, எம்எஸ்எக்ஸ் என்ற இரண்டு நோய்கள் தாக்கின. சிப்பியின் இளவுயிரி இரண்டு, மூன்று வாரம் நீரில் மிதந்து திரிந்துவிட்டு, கெட்டியான ஓர் இடத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு வாழ்நாள் முழுவதும் அங்கிருந்து நகராது. அது விரும்பும் இடம் இன்னொரு சிப்பியின் ஓடு. ஓடு போய்ச் சேறு மட்டும் மிஞ்சிய தரையில், வந்து இறங்கும் குஞ்சு மூச்சுமுட்டிச் சாகிறது. ஆகவே, ஓட்டில் ஒட்டிய குஞ்சை, சேறு அண்டாத உயரத்தில் வைத்து, தன்னைக் காத்துக்கொள்ளும் அளவுக்கு வளரும்வரை பார்த்துக்கொள்வதே நம் வேலையின் மொத்தம்.

தொடங்குவதற்கு முன்: துறையும் உப்பும்

முதலில் தேவைப்படுவது ஒரு படகுத்துறை. சொந்தத் துறை இல்லாத குழுக்கள், கரையோரம் வீடு உள்ள ஒருவரையோ, ஒரு படகு நிலையத்தையோ, நீரையொட்டிய பள்ளியையோ அணுகி அனுமதி பெறலாம். இந்த அனுமதியைப் பெரியவர்கள் கேட்டு வாங்குவதைவிடப் பிள்ளைகள் நேரில் சென்று, என்ன செய்யப்போகிறோம், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவோம், ஜூனில் என்ன ஆகும் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்பது நல்லது. எங்கள் அனுபவத்தில், ஒரு பதினைந்து வயதுப் பெண் கையில் குறிப்பேட்டோடு வந்து வாசலில் நின்று கேட்டபோது, துறை வைத்திருந்த முதியவர் துறையை மட்டுமல்லாமல் தோட்டக் குழாயையும் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். அந்தக் குழாய் ஒன்பது மாதமும் எங்களுக்குக் கைகொடுத்தது.

இரண்டாவது, உப்புத்தன்மை. செசபீக் என்பது ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் நீண்ட கழிமுகம். வடக்கே போகப் போக உப்புக் குறையும். கடல் நீரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு இருக்கும் என்றால், சிப்பி தாக்குப்பிடிக்க 5 பங்காவது வேண்டும், நன்றாக வளர 8-க்கு மேல் வேண்டும். ஹைட்ரோமீட்டர் என்ற மிதவைக் கருவியைக் கொண்டு ஒரு வாளி நீரில் இதை அளந்துவிடலாம். ஒரு நாள் அளந்து முடிவு செய்யக் கூடாது. மழைக்கு முன்னும் பின்னும், சில வாரங்கள் அளந்து பார்க்க வேண்டும். 2018, 2019-ஆம் ஆண்டுகளில் பெய்த பெருமழையால் வளைகுடாவின் மேற்பகுதியில் உப்பு நெடுநாள் தாழ்ந்தே இருந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் நன்னீர் அதிகம் இறங்கும் துறையில் வைத்த சிப்பிகள் நிறைய இறக்கும். உப்பு குறைந்த இடத்துக்கு ஒரு நன்மையும் உண்டு: நோயும், ஓட்டைத் துளைத்து உண்ணும் நத்தைகளும் அங்கே அதிகம் வருவதில்லை.

மூன்றாவது, ஆழம். நீர் வற்றிய நேரத்திலும் கூண்டு முழுவதும் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும், அதே சமயம் அதன் அடி சேற்றைத் தொடவும் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் இடம் தராத துறையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிட வேண்டும்.

குஞ்சுகளை எங்கே பெறுவது?

கடையில் வாங்கி வந்து நீரில் போடுகிற வேலை இதுவன்று. மேரிலாந்தில் 2008-இல் டிரெட் ஏவன் ஆற்றில் தொடங்கிய, 'மேரிலாண்டர்ஸ் குரோ ஆய்ஸ்டர்ஸ்' என்ற மாநில அரசுத் திட்டம், துறை உள்ளவர்களுக்குக் கூண்டும் குஞ்சும் இலவசமாகவே தருகிறது. குஞ்சுகள் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள ஹார்ன் பாயின்ட் பொரிப்பகத்தில், பழைய ஓடுகளின் மீது ஒட்டவைக்கப்படுகின்றன. கூண்டுகளில் பெரும்பகுதியை மாநிலச் சிறைவாசிகள் முடைந்தார்கள். தம் கையால் முடைந்த கூண்டு எந்த ஆற்றில் தொங்குகிறது என்றே அறியாத ஒருவரின் உழைப்பும் இந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்வேன். செசபீக் பே ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் பயிற்சி கொடுத்துத் தோட்டக்காரர்களைச் சேர்க்கிறது. வர்ஜீனியாவில் இருப்பவர்கள் அந்த மாநிலக் கடல்வள ஆணையத்தின் அனுமதி விதிகளைப் பார்த்த பிறகே கூண்டு வைக்க வேண்டும். அங்கே உண்பதற்காக வளர்க்கப்படும் மலட்டு வகைக் குஞ்சுகளும் விற்கின்றன. நீர்வள மீட்புக்கு வேண்டியவை இனப்பெருக்கத் திறன் உள்ளவை என்பதால், கேட்டு வாங்குங்கள். ஓர் ஆற்றில் வளர்ந்த சிப்பியைத் திட்டத்தாரிடம் கேட்காமல் இன்னோர் ஆற்றுக்கு எடுத்துச் செல்லக் கூடாது, நோயும் அதோடு சேர்ந்து பயணம் செய்யும்.

குஞ்சுகளை வண்டியில் கொண்டுவரும்போது நல்லெண்ணத்தில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள்: வாளியில் நீர் நிரப்பி அதில் போட்டு மூடிவிடுகிறார்கள். அசையாத அந்தச் சிறிதளவு நீரில் உயிர்க்காற்று விரைவில் தீர்ந்துபோகும். நனைத்த சாக்கைப் போர்த்தி, வெயில் படாமல், குளிர்ச்சியாக எடுத்து வந்தாலே போதும். ஓட்டை இறுக மூடிக்கொண்டு பல மணி நேரம் அது காற்றில் உயிரோடிருக்கும்.

பொறுப்பு யார் கையில்?

இளைஞர்கள் நடத்தும் குழு என்று பெயர் வைத்துவிட்டு, எல்லா முடிவுகளையும் பெற்றோர் எடுத்தால், நவம்பர் மாதக் குளிர் வந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக விலகிவிடுவார்கள். நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: நாள்காட்டியும் பதிவேடும் பிள்ளைகளின் கையில் இருக்க வேண்டும். எந்த வாரம் யார் கூண்டைத் தூக்குவது, இறப்பு அதிகமானால் திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு யார் எழுதுவது, துறை உரிமையாளரிடம் யார் பேசுவது என்பவற்றை அவர்களே கூடி முடிவு செய்யட்டும். பெரியவர்கள் வண்டி ஓட்டலாம், கையெழுத்திடலாம், துறையில் நின்று கண்காணிக்கலாம். நீரருகே வேலை நடக்கும்போது இரண்டு பெரியவர்களாவது உடனிருக்க வேண்டும் என்பதில் மட்டும் தளர்வே கூடாது. மிதவைச் சட்டை அணியாத எவரும் துறையின் விளிம்புக்குச் செல்லக் கூடாது.

கூண்டுக்கு இருவர் என்று பிரித்துக்கொண்டால், ஒருவருக்குத் தேர்வோ காய்ச்சலோ வந்தாலும் வேலை நிற்காது. இருவரில் ஒருவர் வயதில் இளையவராக இருப்பது மிக முக்கியம். பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவர்கள் கோடை முடிவில் கல்லூரிக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அடுத்த கூண்டு வந்து சேரும் செப்டம்பரில், கயிறு எந்த அளவில் கட்டப்பட வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவராவது துறையில் நிற்க வேண்டும். மேரிலாந்தில் பள்ளிப்படிப்பை முடிக்க 75 மணி நேரச் சேவைக் கல்வி கட்டாயம் என்பதால், இந்த வேலையை அதில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று பள்ளியில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வதும் பயன்தரும். மணிக்கணக்கிற்காக வருகிறார்களே என்று குறைபட வேண்டியதில்லை. அப்படி வந்தவர்களில் பலர், கணக்கு நிறைந்த பிறகும் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

கூண்டைக் கட்டுவதும் பேணுவதும்

நீர் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் கயிற்றின் நீளத்தை முடிவு செய்யுங்கள். கூண்டின் மேற்பகுதி நீர்மட்டத்துக்கு ஓர் அடியேனும் கீழே இருக்க வேண்டும். அடிப்பகுதி தரைக்கு ஓர் அடியேனும் மேலே இருக்க வேண்டும். உராய்ந்து தேயாத, கெட்டியான செயற்கை இழைக் கயிறாகப் பார்த்து, துறையின் மரத்தூணில் இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒன்று அவிழ்ந்தாலும் மற்றது தாங்கும். சரியான அளவு வந்ததும் கயிற்றில் வண்ண நாடா ஒன்றைச் சுற்றி அடையாளம் வைத்துவிட்டால், பிறகு யார் தூக்கி இறக்கினாலும் கூண்டு அதே உயரத்தில் நிற்கும்.

நீர் வெதுவெதுப்பாக இருக்கும் இலையுதிர்காலத்திலும் வசந்தத்திலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூண்டைத் தூக்க வேண்டும். தூக்கியதும் முதலில் தெரிவது சேறுதான்: பழுப்பு நிறத்தில், தயிர் போலக் குழைந்து, ஓடுகளின் இடுக்கெல்லாம் நிரம்பியிருக்கும். அதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்ததன்று. சிப்பிகளே நீரில் மிதந்த துகள்களை வடித்து, உண்ணத் தகாதவற்றைப் பசையில் உருட்டித் தள்ளியது. கூண்டை நீர்மட்டத்தில் பலமுறை முக்கி முக்கி எடுத்தால் இது கலைந்து போய்விடும். மிச்சத்தைத் தோட்டக் குழாய் நீரால் அலசலாம். பிறகு கூண்டை நன்றாகக் குலுக்கி ஓடுகளை இடம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வளரும் சிப்பிகள் கம்பியோடு ஒட்டி வளர்ந்துவிடும், ஜூனில் அவற்றை எடுக்கும்போது ஓடு உடையும்.

கொட்டலசு எனப்படும், கெட்டியாக ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிர், பாசி, மசல் எனப்படும் சிறு மட்டிகள், தொட்டால் நீர் பீச்சும் வழவழப்பான கடலுயிர்கள் எல்லாம் கம்பியில் குடியேறி நீரோட்டத்தை அடைத்துவிடும். வெளிக்கம்பியில் உள்ளவற்றைத் தூரிகையால் தேய்த்து எடுங்கள். பாசி அதிகமாகிவிட்டால், உறைபனி இல்லாத நாளாகப் பார்த்து, கூண்டை ஓரிரு மணி நேரம் துறையில் நிழலில் வைத்தால், மூடிக்கொள்ளத் தெரிந்த சிப்பி பிழைக்கும், மெல்லுடல் கொண்டவை வாடிப்போகும். உள்ளே இருக்கும் நீல நண்டுக் குஞ்சுகளையும் தட்டைப்புழுக்களையும் எடுத்து வெளியே விட்டுவிட வேண்டும், அவை சிப்பிக் குஞ்சுகளைத் தின்பவை. ஆனால் கூனி இறாலையும், உளுவை வகையைச் சேர்ந்த சிறு மீனையும் கண்டால் மகிழுங்கள். காலியான சிப்பி ஓட்டின் உட்புறத்தில்தான் அந்த மீன் முட்டையிடும். ஒருமுறை ஒரு வெற்று ஓட்டைத் திறந்த மாணவன், உள்ளே ஒழுங்காக ஒட்டியிருந்த முட்டைகளையும் அவற்றில் புள்ளி புள்ளியாகக் கண்கள் தெரிவதையும் பார்த்துவிட்டு, இரண்டு கைகளாலும் அதை மூடி, ஒரு சொல்லும் பேசாமல் கூண்டுக்குள் திரும்ப வைத்தான்.

ஓட்டின் விளிம்பு கத்திபோல் வெட்டும். தடித்த கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது. வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா இருக்கும். காயத்தின் வழியாக அது உடலுக்குள் நுழைந்தால் ஆபத்து. காயம்பட்டால் உடனே சோப்பும் நல்ல நீரும் கொண்டு கழுவி, சிவந்து வீங்கினால் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஏற்கெனவே கையில் புண் உள்ளவர் அன்று பதிவேட்டை எழுதட்டும். பெருமழை பெய்தால் தெருக்கழிவும் சாக்கடை நீரும் ஆற்றில் கலக்கும். அதன் பிறகு இரண்டு நாளாவது துறை வேலையைத் தள்ளிவைப்பது நல்லது.

குளிர்காலம்

டிசம்பர் முதல் மார்ச் வரை சிப்பி ஏறத்தாழ உறக்கத்தில் இருக்கும், உண்ணாது, வளராது. மாதத்துக்கு ஒருமுறை பார்த்தாலே போதும், உறைபனி நாளில் கூண்டைக் காற்றில் எடுக்கவே கூடாது.

நாங்கள் கற்றுக்கொண்ட கடுமையான பாடம் இங்கேதான். முதல் ஆண்டில், அனாபொலிஸ் நகரின் பக்கத்தில் ஓதத்தின் (கடல்நீர் அன்றாடம் ஏறி இறங்குவதன்) ஏற்றத்தாழ்வு ஓர் அடி அளவுதான் என்று படித்திருந்ததை நம்பி, அதற்கேற்பக் கயிற்றை அளந்து கட்டினோம். வளைகுடாவில் குளிர்காலத்து வடமேற்குக் காற்று ஓதத்தைவிட வலியது என்பது எங்களுக்குத் தெரியவில்லை. ஜனவரியில் இரண்டு நாள் அந்தக் காற்று ஓயாமல் வீசி நீரைத் தெற்கே தள்ளிக்கொண்டு போனபோது, எங்கள் துறையடியில் நீர்மட்டம் நாங்கள் அளந்த அளவுக்குக் கீழே இறங்கி, இரண்டு கூண்டுகள் உறைபனிக் காற்றில் தொங்கின. யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஏப்ரலில் எண்ணியபோது அந்த இரண்டு கூண்டுகளிலும் பாதிக்கு மேல் வெறும் ஓடு. பதிவேட்டில் அந்தப் பக்கத்தை எழுதிய பெண் நெடுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு டிசம்பர் தொடக்கத்தில் கூண்டுகளை இன்னும் ஆழத்துக்கு இறக்குவது, பலத்த வடமேற்குக் காற்று என்று முன்னறிவிப்பு வந்தால் ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பது என்ற இரண்டு விதிகளைப் பிள்ளைகளே எழுதிப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினார்கள். உங்கள் குழு இந்த விதிகளை முதல் ஆண்டிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

அளப்பதும் காட்டுவதும்

ஒவ்வொரு முறை கூண்டைத் தூக்கும்போதும் தேதி, நீரின் வெப்பம், உப்புத்தன்மை ஆகியவற்றை எழுதுங்கள். அக்டோபர், ஏப்ரல், ஜூன் ஆகிய மூன்று மாதங்களிலும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது போல, தேர்ந்து பொறுக்காமல் ஓடுகளை எடுத்து, 50 சிப்பிகளைக் கீலிலிருந்து எதிர் விளிம்பு வரை வெர்னியர் அளவுகோலால் மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். பெரியவற்றையே எடுத்து அளக்க எல்லாருக்கும் ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் கணக்குப் பொய்யாகிவிடும். இரண்டு ஓடும் கீலில் சேர்ந்தபடி வாய் திறந்து வெறுமையாக இருப்பது அண்மையில் இறந்த சிப்பி. உயிருள்ளவற்றையும் இவற்றையும் தனித்தனியே எண்ணினால் இறப்பு விகிதம் கிடைக்கும். நீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதை அறிய, கறுப்பும் வெள்ளையும் பூசிய 20 செ.மீ. வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊரார் முன்னால் காட்டுவதற்கு இரண்டு கண்ணாடித் தொட்டிகள் போதும். மே மாதத்தில் ஆற்றின் கலங்கிய நீரை இரண்டிலும் நிரப்பி, இரண்டிலும் காற்றுக் குழாய் வைத்து, ஒன்றில் மட்டும் சிப்பி ஒட்டிய சில ஓடுகளைப் போடுங்கள். சிறிது நேரத்தில் ஓடுகள் நூலிழை அளவு திறக்கும். இரண்டொரு மணி நேரத்தில் சிப்பி உள்ள தொட்டிக்குப் பின்னால் வைத்த செய்தித்தாளின் தலைப்பைப் படிக்க முடியும், மற்றதில் முடியாது. வளர்ந்த சிப்பி ஒன்று ஏற்ற நிலையில் நாளொன்றுக்கு 190 லிட்டர் வரை நீரை வடிக்கும் என்று சொல்லும்போது, அது உச்ச அளவு என்பதையும் சேர்த்துச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள். ஆறு மாநிலங்களின் வயல் உரமும் நகரக் கழிவும் வந்து சேரும் நீரை நம் துறையில் தொங்கும் கூண்டுகள் மட்டும் தூய்மையாக்கிவிடாது. 2015-இல் 350 ஏக்கரில் சிப்பித் திட்டுகள் அமைத்து முடிக்கப்பட்ட ஹாரிஸ் கிரீக் போன்ற பெரும்பணிகளுக்கு அருகே நம் பங்கு சிறியது. அந்தச் சிறிய பங்கை மிகைப்படுத்தாமல் சொல்லும் பிள்ளையின் பேச்சை ஊர் நம்பும்.

உண்ணலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். கூடாது. துறையோர நீர், உணவுச் சிப்பிக்குரிய சோதனைக்கு உட்பட்டதன்று. சிப்பி நீரில் உள்ள கிருமியையும் சேர்த்தே வடித்து உடலில் வைத்துக்கொள்ளும். மாசுபட்ட நீரில் வளர்ந்த சிப்பி யாராவது ஒருவரின் தட்டுக்குப் போய்விடுமோ என்ற அச்சத்தில் 2010-இல் நியூ ஜெர்சி அரசு, அத்தகைய நீரில் ஆய்வுக்காக வளர்த்த சிப்பிகளையே எடுத்துவிடச் செய்தது. ஒருவர் ஒரு சிப்பியை எடுத்துத் தின்று நோயுற்றாலும் மொத்தத் திட்டத்துக்கும் ஆபத்து என்பதைத் துறையின் பலகையில் எழுதி வையுங்கள்.

ஜூன்

திருப்பிக் கொடுக்கும் நாளை ஒருங்கிணைப்பாளர் அறிவிப்பார். அதற்கு முந்தைய நாள் கடைசி அளவெடுப்பை முடித்து, கூண்டுகளை அலசி, கொட்டலசுகளை நீக்கி, அன்று காலையில்தான் நீரிலிருந்து எடுக்க வேண்டும். கோடை வெயிலில் ஈரச்சாக்கு இல்லாமல் வண்டியில் வைக்கக் கூடாது. வாய்ப்புக் கிடைத்தால் விதைக்கும் படகில் இரண்டு பிள்ளைகளை அனுப்புங்கள். காப்பகத் திட்டுக்கு மேலே படகு நின்றதும், ஓடுகளைக் கைகளால் அள்ளி நீரில் விடுவார்கள். ஒரு நொடி வெண்மையாகத் தெரிந்துவிட்டு அவை பச்சை நீருக்குள் மறைந்துவிடும். முதல் சில ஆண்டுகள் அந்தச் சிப்பிகள் பெரும்பாலும் ஆணாக இருக்கும், வளர வளரப் பல பெண்ணாக மாறும், நீர் சூடாகும் கோடையில் முட்டையும் விந்தும் விடும்.

கரையில் இருப்பவர்கள் காலிக் கூண்டுகளைத் தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்த வேண்டும், தேய்ந்த கயிற்றை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதை அளந்து வண்ண நாடா சுற்ற வேண்டும், கல்லூரிக்குப் போகிறவர் பதிவேட்டைத் தன் இணையிடம் கொடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் உடன் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். எங்கள் குழுவில் அந்த வாசிப்பு ஜனவரிப் பக்கத்திலிருந்து தொடங்கும்.